காலைக் குளிரில் கம்பியூட்டர் பாதியில் நின்றுபோகிறது, ஃபோமட் செய்யாமல் சரிபண்ண வழி இருக்கிறதா?

மேற்பிரிவு:

எல்லோருக்கும் வணக்கம். கொஞ்ச நாளாக எங்கள் வீட்டுக் கம்பியூட்டர் காலையில் ஒழுங்காக எழும்ப மாட்டேன் என்கிறது. பட்டனை அமத்தினால் ஃபேன் சுற்றுகிறது, கம்பனியின் பெயர் திரையில் வருகிறது, அப்புறம் விண்டோஸ் படம் வந்து கீழே புள்ளிகள் வட்டமாகச் சுற்றத் தொடங்கும், கொஞ்சம் சுற்றிவிட்டு அப்படியே நின்றுவிடும். எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அசையாது. கீபோர்டில் நம்லொக்கைத் தட்டினால் லைட் மாறுவதும் இல்லை. பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு மறுபடி போட வேண்டும், சில நாள் இரண்டாவது தடவை வந்துவிடும், சில நாள் இன்னும் இழுக்கும். ஆனால் ஒரு தடவை வந்துவிட்டால் பிறகு நாள் முழுக்க ஒரு பிரச்சினையும் கிடையாது. மத்தியானம் போட்டால் பெரும்பாலும் முதல் தடவையே வந்துவிடுகிறது, அதுதான் எனக்குப் புரியவே இல்லை.

மெஷின் பழையது. கொழும்பில் ஏதோ ஒரு ஒபிஸில் பாவித்து விற்றதை மாமா வாங்கிக் கொடுத்தார். கோர் ஐ3 மூன்றாம் தலைமுறை, ரேம் 2 ஜிபி இரண்டு, 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. தலவாக்கலைப் பக்கம் தோட்டத்தில் இருக்கிறோம், லயக் காம்பராவில், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில், இஸ்தோப்பு (முன் விறாந்தை) சுவரோரமாகத்தான் மேசை போட்டிருக்கிறோம், மழை நாளில் அந்தச் சுவர் கொஞ்சம் ஈரமாகத்தான் இருக்கும்.

டவுனில் ஒரு கடையில் விஷயத்தைச் சொன்னேன். மெஷினைப் போட்டுப் பார்க்காமலே ஃபோமட் அடிக்க வேண்டும், அதாவது டிஸ்க்கை அழித்து விண்டோஸைப் புதிதாகப் போட வேண்டும் என்றார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது, ஏனென்றால் தங்கச்சியின் உயர்தர வகுப்பு ஐசிடி பாட வேலைகள் எல்லாம் அதற்குள்தான். அதைவிடப் பெரிய விஷயம், எங்கள் லயத்தில் யாருக்குப் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை விண்ணப்பம் என்றாலும் நான்தான் டைப் செய்து கொடுப்பது, எல்லோருடைய பத்திரங்களையும் ஸ்கேன் செய்து வைத்திருக்கிறேன். எங்கள் தாத்தாவின் பிரஜாவுரிமைப் பத்திரத்தின் மூலப்பிரதி தகரம் ஒழுகி நனைந்து எழுத்தெல்லாம் போய்விட்டது, இப்போது மிச்சம் அந்த ஸ்கேன் மட்டும்தான். ஃபோமட் இல்லாமல் சரிபண்ண முடியுமா? எங்கிருந்து தொடங்குவது?

நோர்வூட் தம்பி:

அக்கா, எனக்கும் இதே மாதிரி வந்தது. விண்டோஸ் அப்டேட் பாதியில் கெட்டுப்போனால் இப்படித்தான் புள்ளி சுற்றி நிற்கும். ஃபைல்களை டி ட்ரைவுக்கு மாற்றிவிட்டு சி ட்ரைவை மட்டும் ஃபோமட் செய்து புதிதாக விண்டோஸ் போடுங்கள். முடிந்தால் எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான வகை) ஒன்று வாங்கிப் போடுங்கள், மூன்றாம் தலைமுறை ஐ3 கூட நன்றாக ஓடும்.

கொட்டகலை டீச்சர்:

தம்பி சொல்லும் எஸ்எஸ்டி நல்ல யோசனைதான், ஆனால் அது பிறகு. டி ட்ரைவுக்கு மாற்றுவது என்பது பிரதி எடுப்பது ஆகாது. சி, டி இரண்டும் ஒரே ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு பகுதிகள், டிஸ்க் போனால் இரண்டும் சேர்ந்தே போகும்.

தங்கச்சி, மத்தியானத்தில் எழும்புகிறது என்கிறீர்கள், இன்றைக்கு உங்கள் கையில் இருக்கும் பெரிய வசதி அதுதான். வேறு எதையும் தொட முன்னர் அந்தப் பத்திரங்களை வெளியே எடுங்கள். ஒரு பிரதி பென் ட்ரைவில், இன்னொன்று கூகுள் ட்ரைவில். கூகுள் கணக்கு ஒன்றுக்கு 15 ஜிபி இலவசம், ஸ்கேன் செய்த பத்திரங்களுக்கு அது தாராளம். சிக்னல் மோசமாக இருந்தால் முதலில் தாத்தாவின் பத்திரத்தையும் மூலப்பிரதி இல்லாத மற்றவர்களுடைய பத்திரங்களையும் ஏற்றுங்கள், படங்கள் வீடியோக்கள் எல்லாம் அதற்குப் பிறகு. நம் மலையக ஆட்களுக்கு ஒரு பத்திரம் இல்லாமல் போனால் என்ன பாடு என்று நான் சொல்லத் தேவையில்லை. 1948 இல் பறித்த பிரஜாவுரிமைக்காகப் பத்திரம் பத்திரமாகக் காட்டிக்கொண்டு 2003 வரை அலைந்த சனம் நாங்கள்.

பிரதி எடுத்து முடியும் வரை விண்டோஸின் டிஸ்க் சோதனையான செக்டிஸ்க்கை ஓட்ட வேண்டாம். யாராவது "டிஸ்க் செக் பண்ணு" என்று சொல்வார்கள், முழுச் சோதனை என்றால் அது டிஸ்க்கின் ஒவ்வொரு இடத்தையும் வாசிக்கும், ஏற்கனவே சாகக் கிடக்கும் டிஸ்க் என்றால் அந்த வேலையிலேயே முடிந்துவிடலாம்.

இனி விஷயத்துக்கு வருவோம். கம்பியூட்டர் எழும்பும்போது எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கம்பனிப் பெயர் வரும்போதே நின்றால் விண்டோஸுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, ரேம், மதர்போர்ட் (எல்லாம் செருகியிருக்கும் பெரிய பலகை), ஏதாவது யுஎஸ்பியில் செருகியிருப்பது, இந்த மாதிரி. பாஸ்வேர்ட் கொடுத்த பிறகு நின்றால் தானாகத் தொடங்கும் புரோகிராம் ஏதாவது. உங்களுடையது நடுவில் நிற்கிறது, இதுதான் சிக்கலான இடம், ஏனென்றால் இங்கே விண்டோஸும் காரணமாகலாம், டிஸ்க்கும் காரணமாகலாம், கரண்டும் காரணமாகலாம். ஒரு குறிப்பு இருக்கிறது: புள்ளிகள் சுற்றிக்கொண்டே இருந்து உள்ளே போகாவிட்டால் விண்டோஸ் எதற்கோ காத்திருக்கிறது, அது பெரும்பாலும் டிஸ்க். புள்ளியே உறைந்து நிற்கிறது என்றால் மெஷின் முழுவதும் நின்றுவிட்டது என்றுதான் நான் நினைப்பேன்.

முதலில் பிரின்டர், வெப்கேம், பென் ட்ரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு கீபோர்ட், மவுஸ், திரை மட்டும் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். இதைக் கட்டாயம் பாருங்கள், ஏனென்றால் "முதல் தடவை நிற்கும், இரண்டாம் தடவை வரும்" என்ற அடையாளம் இதற்கு அப்படியே பொருந்தும். விண்டோஸ் 8 இலிருந்து, நாம் ஷட்டவுன் கொடுத்தால் அது முழுதாக அணைவதில்லை, உள்பகுதியின் நிலையை டிஸ்க்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்துப் போட்டு எழும்புகிறது. அப்படி எழுதி வைத்ததில் ஒரு கோளாறு என்றால் நிற்கும். பட்டனை அழுத்தி அணைத்துவிட்டால் இரண்டாம் தடவை பழைய முறையில் முழுதாக எழும்பும், அதனால் வந்துவிடும். கண்ட்ரோல் பேனலில் பவர் ஒப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று தெரிவு செய்யும் இடத்தில் அதை எடுத்துவிடலாம். ஃபைல் ஒன்றும் அழியாது.

டிஸ்க்கைப் பார்க்க கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்று இலவச புரோகிராம் இருக்கிறது. நீலம் என்றால் நல்லது, மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் டிஸ்க் முடிந்தது. அதில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள், கடைசி நெடுவரிசையில் எல்லாம் பூச்சியமாக இருக்க வேண்டும். சி5 என்பது டிஸ்க் வாசிக்க முடியாமல் தவிக்கும் இடங்களின் எண்ணிக்கை.

இதற்கெல்லாம் மேலே ஒரு சோதனை இருக்கிறது, சந்தேகத்தைப் பாதியாக வெட்டிவிடும். மத்தியானம் கம்பியூட்டர் ஓடும்போது ரூஃபஸ் என்ற சின்ன புரோகிராமால் ஒரு பென் ட்ரைவில் லினக்ஸ் மின்ட், விண்டோஸ் மாதிரி இன்னொரு இலவச சிஸ்டம், போட்டுக்கொள்ளுங்கள். 8 ஜிபி ட்ரைவ் போதும், பத்திரங்களைப் பிரதி எடுத்த ட்ரைவைப் பாவிக்க வேண்டாம், அதிலிருப்பது எல்லாம் அழியும். அடுத்த நாள் காலையில், சுவரில் ஸ்விட்சை அணைத்து ப்ளக்கைக் கழற்றி, பெட்டியைத் திறந்து ஹார்ட் டிஸ்க்கின் இரண்டு வயர்களையும் எடுத்துவிட்டு, பென் ட்ரைவிலிருந்து எழுப்பிப் பாருங்கள். மெஷினைப் பொறுத்து எஃப் 12 அல்லது எஃப் 9 அல்லது எஸ்கேப் அடித்தால் எதிலிருந்து எழும்ப வேண்டும் என்று கேட்கும். குளிரில், நிற்கும் அதே நேரத்தில் செய்ய வேண்டும், அதுதான் முக்கியம். விண்டோஸும் இல்லை டிஸ்க்கும் இல்லை என்ற நிலையிலும் நின்றால், அவை இரண்டிலும் குற்றமில்லை என்று தெரிந்துவிடும். ஃபோமட் அடித்திருந்தாலும் ஒரு பிரயோசனமும் இருந்திருக்காது.

மேற்பிரிவு:

டீச்சர், ரொம்ப நன்றி. பத்திரங்கள் எல்லாம் பென் ட்ரைவில் வந்துவிட்டன. கூகுளுக்கு ஏற்றுவதற்கு ராத்திரி முழுக்க ஃபோனை ஜன்னலில் வைத்துக் காத்திருந்தோம், அதுவும் ஏறிவிட்டது. இனி என்ன நடந்தாலும் பரவாயில்லை என்று ஒரு தைரியம் வந்திருக்கிறது.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை எடுத்துவிட்டேன், அடுத்த நாள் காலையிலும் அதே கதை. டிஸ்க் நீலமாகக் காட்டுகிறது, நீங்கள் சொன்ன மூன்று வரியும் பூச்சியம். பிறகு மின்ட் சோதனை. காலை 6 மணிக்கு, எல்லோரும் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) போகும் நேரத்தில், டிஸ்க் வயர்களைக் கழற்றிவிட்டுப் போட்டேன். மின்ட் சின்னம் வந்து அதிலேயே நின்றுவிட்டது. மத்தியானம் அதே பென் ட்ரைவ் ஒழுங்காக உள்ளே போனது.

பெட்டி திறந்திருந்ததால் ரேமையும் பார்த்தேன். ப்ளக்கைக் கழற்றி, இரண்டையும் எடுத்து, அவற்றின் பொன்னிறக் கால்களைப் பென்சில் அழிரப்பரால் மெதுவாகத் துடைத்து, தூளை ஊதிவிட்டு, ஒன்றை மட்டும் போட்டு ஒரு நாள், மற்றதை மட்டும் போட்டு ஒரு நாள் பார்த்தேன். இரண்டு நாளும் நின்றது. ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மத்தியானம் ஓடியபோது ஒரு பிழையும் காட்டவில்லை. இனி மதர்போர்ட்தானா? அப்படியென்றால் வேறு வாங்க எங்களுக்கு வசதி இல்லை.

ஹட்டன் வயர்மேன்:

தங்கச்சி, மதர்போர்ட் என்று முடிவு கட்ட முன்னர் வீட்டுக் கரண்டைப் பாருங்கள். காலை 5 மணியிலிருந்து 7 மணி வரை லயத்தில் எல்லாக் காம்பராவிலும் கேத்தல், ரைஸ் குக்கர், அயன் என்று ஒரே நேரத்தில் ஓடும். டிரான்ஸ்ஃபோமரிலிருந்து தூரத்தில் இருக்கும் லயத்தில், அதுவும் கடைசிக் காம்பரா என்றால், வோல்டேஜ் நன்றாக இறங்கும். காலையில் வருத்தம், மத்தியானம் சுகம் என்றால் குளிர் மட்டும்தான் காரணம் என்று எடுக்க முடியாது, இதுவும் அதே நேரத்தில்தான் நடக்கிறது. மல்டிமீட்டர் உள்ள ஒருவரைக் கூப்பிட்டு, கம்பியூட்டர் ஓடும்போது அதே ப்ளக் பொயின்டில் அளந்து பார்க்கச் சொல்லுங்கள். நம் நாட்டில் 230 வோல்ட், பவர் சப்ளையின் (சுவர்க் கரண்டை மாற்றிக் கம்பியூட்டருக்குக் கொடுக்கும் பெட்டி) லேபிளில் அனேகமாக 200 முதல் 240 என்று போட்டிருப்பார்கள். 200 க்குக் கீழே போனால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மல்டிப்ளக்கில் ஆடும் ப்ளக், கறுத்துப்போன சொக்கட் இருந்தால் அதையும் மாற்றுங்கள், அதிலேயே நிறைய இழக்கும்.

பெட்டியின் உடம்பைத் தொட்டால் ஷொக் மாதிரி சுரீர் என்கிறதா? அப்படியென்றால் ஏர்த் (மண்ணுக்குப் போகும் பாதுகாப்பு வயர்) இல்லை. பழைய லயங்களில் இது சாதாரணம். அதைத் தகுதியான ஆளை வைத்துச் செய்துகொள்ளுங்கள், கம்பியூட்டருக்காக மட்டும் இல்லை, வீட்டில் பிள்ளைகளுக்காகவும்.

ஊவா ரேடியோ:

மகள், நான் பண்டாரவளையில் ரேடியோ, டிவி திருத்திக்கொண்டிருந்தவன், இப்போது வீட்டில்தான் இருக்கிறேன். நீங்கள் எழுதியதை வாசித்தபோது டிசம்பர், ஜனவரியில் என் கடைக்கு வந்த டிவிகள்தான் ஞாபகம் வந்தன. காலையில் படம் வராது, பத்து நிமிஷம் விட்டால் வரும். மத்தியானத்தில் கடைக்குக் கொண்டு வந்தால் நன்றாக இருக்கும், வீட்டுக்காரர் என்னிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் நிற்பார்.

விஷயம் கெப்பாசிட்டர். கம்பியூட்டரின் பவர் சப்ளைக்குள்ளும், பழைய மதர்போர்டில் பிராசசரைச் சுற்றியும், சின்ன டப்பி மாதிரி நிற்குமே, அவைதான். சுவரிலிருந்து வரும் கரண்ட் மேலும் கீழுமாக அலைந்துகொண்டு வரும், அதை மட்டமாக்கிக் கொடுப்பது இவற்றின் வேலை. குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும் டாங்கியிலிருந்து சீராக வருகிற மாதிரி. இந்த டப்பிகளுக்குள் ஒரு திரவம் இருக்கிறது. வருஷக்கணக்காகச் சூட்டில் வேலை செய்து அது கொஞ்சம் கொஞ்சமாகக் காய்ந்துபோகும். உள்ளே சூடு 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்று ஒரு பொதுக் கணக்கு, கொழும்பு ஒபிஸில் நாள் முழுக்க ஓடிய மெஷின் என்றால் அதன் டப்பிகளில் பெரும்பகுதி அங்கேயே தேய்ந்திருக்கும். அப்படித் தேய்ந்த டப்பி வெக்கையான இடத்தில் இன்னும் கொஞ்ச நாள் சமாளிக்கும். குளிரில் அந்தத் திரவத்தின் தடை கூடிவிடும், அப்போது அலையை மட்டமாக்க முடியாமல் போகும். கொழும்பில் ஒழுங்காக ஓடியது மலைக்கு வந்து காலையில் மட்டும் நிற்பதற்கு இதைவிடப் பொருத்தமான காரணம் எனக்குத் தோன்றவில்லை. தலவாக்கலை 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது, இந்தக் குளிர் மாதங்களில் 1,868 மீற்றர் நுவரெலியாவில் புல்லில் உறைபனியே படியும்.

ஏன் கம்பனிப் பெயர் வரும்போது நிற்காமல் விண்டோஸ் படத்தில் நிற்கிறது என்று கேட்பீர்கள். அதுவரைக்கும் பிராசசருக்குப் பெரிய வேலை இல்லை. விண்டோஸோ லினக்ஸோ ஏறத் தொடங்கும்போதுதான் எல்லாப் பகுதியும் ஒன்றாக எழும்பி கரண்ட் இழுக்கும். அந்த நேரத்தில் பவர் சப்ளையிலிருந்து வரும் 12 வோல்ட்டில் அலை இருந்தால் பிராசசர் ஒரு இடத்தில் தடுமாறி நின்றுவிடும்.

காசு செலவில்லாமல் இதைப் பரீட்சித்துப் பார்க்கலாம். காலையில் குளிரில் போடும்போது கம்பனிப் பெயர் வந்தவுடன் எஃப் 2 அல்லது டிலீட் அல்லது எஃப் 10, உங்கள் மெஷினில் எதுவோ அதை அடித்து பயோஸுக்குள், விண்டோஸ் வர முன்னர் மெஷினின் செட்டிங் காட்டும் திரைக்குள், போய்விடுங்கள். ஒன்றும் மாற்ற வேண்டாம், அந்தத் திரையிலேயே ஒரு கால் மணி நேரம் விட்டுவிடுங்கள். உள்ளே எல்லாம் சூடாகிவிடும். அப்புறம் கண்ட்ரோல், ஆல்ட், டிலீட் மூன்றையும் சேர்த்து அடித்தால் கரண்ட் நிற்காமல் மறுபடி எழும்பும். வேறு வேறு நாள் காலையில் இப்படிச் செய்து ஒவ்வொரு முறையும் முதல் தடவையே விண்டோஸ் வந்தால், வீட்டு வோல்டேஜ் காரணம் இல்லை என்றும் தெரிந்துவிடும், ஏனென்றால் வெளிக் கரண்ட் அதேதான், மாறியது மெஷினின் சூடு மட்டும்தான். வயர்மேன் தம்பி சொன்ன அளவையும் எடுங்கள், அவர் கேட்டது நியாயமான கேள்வி.

பயோஸில் இருக்கும்போது வோல்டேஜ் காட்டும் பக்கம் இருந்தால் 12 வோல்ட் வரியைக் குறித்துக்கொள்ளுங்கள். 11.4 க்கும் 12.6 க்கும் இடையில் இருக்க வேண்டும். ஆனால் அது சரியாக இருந்தாலும் பவர் சப்ளை நல்லது என்று அர்த்தம் இல்லை, அலை அந்த எண்ணில் தெரியாது, சாதாரண மீட்டரிலும் தெரியாது.

ப்ளக்கைக் கழற்றிவிட்டு டோர்ச் அடித்து மதர்போர்டில் உள்ள டப்பிகளின் தலையைப் பாருங்கள். தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தால், பழுப்பாக ஏதாவது கசிந்திருந்தால் அது போய்விட்டது. தலையில் வெட்டுக்கோடு இல்லாத, சின்னதான, நிறக் கோடு போட்ட வகை என்றால் அவை திரவம் இல்லாதவை, குளிருக்கு அவ்வளவு பயப்படாது. அப்போது சந்தேகம் முழுக்க பவர் சப்ளைப் பக்கம் போகும்.

ஒன்று மட்டும் கேளுங்கள். பவர் சப்ளைப் பெட்டியைத் திறக்கவே கூடாது. 230 வோல்ட்டைச் சீராக்கும்போது உள்ளே 325 வோல்ட் சேர்ந்து நிற்கும், ப்ளக்கைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே இருக்கும். இந்தத் தொழிலில் இருந்தவர்களே கையைச் சுட்டிருக்கிறார்கள்.

மேற்பிரிவு:

ஐயா, நீங்கள் சொன்னதைச் செய்து பார்த்தேன். காலையில் பயோஸில் விட்டு, அம்மா ரொட்டி சுட்டு முடிக்கும் வரை காத்திருந்து மறுபடி எழுப்பினால் ஒவ்வொரு நாளும் முதல் தடவையே விண்டோஸ் வந்தது. இடையில் ஒரு நாள் சோதனைக்காக நேரடியாகப் போட்டேன், நின்றுவிட்டது. பக்கத்துத் தோட்டத்து வயரிங் அண்ணா வந்து அளந்தார், காலையில் 214 முதல் 220 வரை காட்டியது, மத்தியானம் 230 க்குக் கிட்ட. ஆடிக்கொண்டிருந்த மல்டிப்ளக்கை மாற்றிக் கொடுத்தார், ஏர்த் இருக்கிறது என்றும் சொன்னார்.

மதர்போர்டில் உள்ளவை எல்லாம் நீங்கள் சொன்ன வெட்டுக்கோடு இல்லாத வகை, ஒன்றும் உப்பவில்லை.

மாமா மகன் ஒருவரிடம் ஓடாமல் கிடக்கும் ஒரு மெஷின் இருக்கிறது, அதன் பவர் சப்ளை நல்லது என்கிறார். கழற்றி எடுத்து வந்து போட்டுப் பார்க்கலாமா? பொருந்துமா?

ஊவா ரேடியோ:

போட்டுப் பாருங்கள் மகள், அதைவிட நல்ல சோதனை இல்லை. ஆனால் முதலில் வயர்களைப் பாருங்கள். மதர்போர்டுக்குப் போகும் பெரிய ப்ளக்கில் 24 பின் இருக்க வேண்டும், பிராசசருக்குப் பக்கத்தில் போகும் சதுரப் ப்ளக்கில் 4 பின். சில கம்பனி மெஷின்களில் 24 க்குப் பதிலாக வேறு எண்ணிக்கையில், தனக்கென்று ஒரு மாதிரி ப்ளக் வைத்திருப்பார்கள், அப்படியென்றால் சாதாரண பவர் சப்ளை போகாது, பொருந்தாததை அமத்திச் செருகக் கூடாது. உங்கள் கம்பியூட்டர்ப் பெட்டி சின்னது என்றால் உள்ளே இறங்காது, சோதனைக்கு வெளியே மேசையில் வைத்து வயரை மட்டும் செருகினால் போதும். பின்னால் 115, 230 என்று ஒரு சிவப்பு ஸ்விட்ச் இருந்தால் 230 இல் இருக்கிறதா என்று இரண்டு முறை பாருங்கள். 115 இல் விட்டுச் சுவரில் போட்டால் அந்த நிமிஷமே வெடிக்கும். கழற்ற முன்னர் ஃபோனில் எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

நோர்வூட் தம்பி:

ஐயா, பழைய பவர் சப்ளையைத் திருத்த ஏலாதா? கெப்பாசிட்டர் ஒன்று ரெண்டு மாற்றினால் சரி இல்லையா? எங்கள் பக்கத்தில் நிறைய மெஷின் இப்படித்தான் தூக்கிப் போடுகிறார்கள்.

ஊவா ரேடியோ:

திருத்தலாம் தம்பி, அதை வேலை தெரிந்த ஆள்தான் செய்ய வேண்டும், 105 பாகை என்று போட்ட நல்ல கெப்பாசிட்டராகப் பார்த்துப் போட வேண்டும். ஒன்று போயிருந்தால் கூடவே இருந்த மற்றவையும் அதே வயது, அதனால் எல்லாவற்றையும் மாற்ற வேண்டி வரும். கூலியையும் சாமானையும் கூட்டிப் பார்த்தால் இந்த மாதிரிச் சின்ன மெஷினுக்குப் புதிது வாங்குவதுதான் லாபம். கம்பனிக்குரிய தனிமாதிரிப் ப்ளக் என்றால் திருத்துவதில் அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் புதிது கிடைக்காது.

மேற்பிரிவு:

24 பின், 4 பின் இரண்டும் சரியாக இருந்தன. மேசையில் வைத்து செருகிவிட்டு ராத்திரி அப்படியே விட்டேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர் மலையே தெரியவில்லை, அவ்வளவு மூடுபனி, கை விறைத்துப் போனது. போட்டேன், நிற்காமல் நேராக உள்ளே போனது. அடுத்தடுத்த நாளும் அப்படித்தான். தங்கச்சி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள்.

பழைய பவர் சப்ளையை மறுபடி போட்டால் நிற்கிறது, மாமா மகனுடையதைப் போட்டால் வருகிறது. அதனால் இனிச் சந்தேகமே இல்லை. புதிது ஒன்று வாங்க வேண்டும், அவருடையதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். எத்தனை வோட்ஸ் வாங்க வேண்டும்? இன்னொன்று, சுவர் ஸ்விட்சை அணைத்துவிட்டால் மறுநாள் திகதியும் நேரமும் பிந்திக் காட்டுகிறது, அதுவும் இதனால்தானா?

கொட்டகலை டீச்சர்:

நல்ல செய்தி தங்கச்சி. கிராஃபிக் கார்ட் தனியாக இல்லாத ஐ3 மெஷினுக்கு நல்ல தரமான 300 வோட்ஸ் போதும். பெரிய எண் ஒட்டிய மலிவான பெட்டியை விட சின்ன எண் போட்ட பாரமான பெட்டி நல்லது. உங்கள் பெட்டிக்குள் இறங்கும் அளவா என்று பழையதன் நீளம் அகலம் அளந்துகொண்டு போங்கள். ஹட்டனில் கிடைக்காவிட்டால் கண்டியில் கேளுங்கள், கொழும்புக்குப் போகும் ஆட்கள் இருந்தால் பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவில் கட்டாயம் இருக்கும். வாரன்டி பில்லை எடுத்து வையுங்கள்.

திகதி பிந்துவது வேறு விஷயம். மதர்போர்டில் காசு மாதிரி ஒரு வட்ட பேட்டரி இருக்கும், சிஆர்2032, 3 வோல்ட். அது இறங்கிவிட்டது. வோச் திருத்தும் கடையிலேயே கிடைக்கும். ப்ளக்கைக் கழற்றிவிட்டு பக்கத்தில் உள்ள கொக்கியைத் தள்ளினால் மேலே வரும், எழுத்து உள்ள பக்கம் மேலே பார்க்கப் புதியதைப் போடுங்கள், பிறகு பயோஸில் திகதியைச் சரிபண்ணி சேவ் கொடுங்கள். திகதி பிழையாக இருந்தால் பல இணையத்தளங்கள் பாதுகாப்பில்லை என்று சொல்லித் திறக்காது, அரசாங்க விண்ணப்பப் பக்கங்களும் அப்படித்தான்.

காசு மிஞ்சினால் அடுத்ததாகத் தம்பி சொன்ன எஸ்எஸ்டி. விண்டோஸ் 10 க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 ஓடு முடிந்துவிட்டது, உங்கள் மூன்றாம் தலைமுறை பிராசசரில் விண்டோஸ் 11 முறைப்படி போகாது. அதனால் எஸ்எஸ்டி போடும்போது அந்த லினக்ஸ் மின்ட்டையே போட்டுவிடலாம், டைப் செய்யவும் ஸ்கேன் செய்யவும் உங்கள் தங்கச்சியின் பைதன் (புரோகிராம் எழுதும் மொழி) பயிற்சிக்கும் அது போதும், தமிழ் யூனிகோடும் அதில் நன்றாக வேலை செய்யும். அந்த வேலையைத் தொடங்கும்போது எழுதுங்கள், பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

மேற்பிரிவு:

சரி டீச்சர். சனிக்கிழமை சித்தப்பா கண்டிக்குப் போகிறார், பழைய பவர் சப்ளையையே கையில் கொடுத்து அனுப்புகிறேன், அளவு பிழைக்காது. பேட்டரி இன்றைக்கே வாங்கிவிட்டேன்.